எல்க் வேட்டைக் குளிருக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்?

அமெரிக்கக் கடையில் ஒரு ஸ்லீப்பிங் பேக்கின் மேல் ‘0 டிகிரி’ என்று எழுதியிருந்தால், அது நாம் பள்ளியில் படித்த, நீர் உறையும் 0 டிகிரி அல்ல. அங்கே கணக்கு ஃபாரன்ஹீட்டில். அந்த 0, செல்சியஸில் மைனஸ் 18. இதே எண் இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ விற்கும் பையில் இருந்தால், அது செல்சியஸ்தான். ஒரே எண்ணுக்குள் 18 டிகிரி வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. கொலராடோ மலைக்கு எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பும் ஒருவர் இந்த எண்ணைத் தப்பாகப் படித்துக்கொண்டால் இரவெல்லாம் நடுங்க வேண்டியதுதான். மோசமான இரவாக அமைந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை பழங்கதையாகிவிட்டது. ராக்கி மலைத்தொடரிலோ அது இன்றும் மாநில அரசுகள் உரிமம் கொடுத்து, நாள் குறித்து, எத்தனை விலங்கு என்று வரம்பு கட்டி நடத்தும் ஏற்பாடு. அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் வாழ்வது கொலராடோவில். அங்கே துப்பாக்கி வேட்டைக்கான சீசன்கள் அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவைத் தாண்டிப் போகின்றன. மொன்டானாவில் அக்டோபர் கடைசியில் தொடங்கி, தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை அடுத்த ஞாயிறு வரை ஐந்து வாரம். முகாம்கள் பலவும் 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும். பகலில் மேல்சட்டையைக் கழற்றச் சொல்லும் வெயில் அடிக்கும்; அன்றிரவே மைனஸ் 10-க்கு இறங்கும். பனிப்புயல் ஒன்று கடந்துபோய் வானம் தெளிந்துவிட்டால் மைனஸ் 20-ம் நடக்கக்கூடியதுதான். இங்கே சொல்பவை அந்த மலைக்காகவும் அந்த மாதங்களுக்காகவும். இமயமலைக்கு டிரெக்கிங் போகிறவருக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பை சூடு தராது. சூடு தருவது உடல் மட்டுமே. தூங்கும் மனித உடல் ஏறக்குறைய 70, 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று தரும் வெப்பம்தான் அது. அந்தக் கொஞ்ச வெப்பத்தை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைப்பது பையின் வேலை. பிடித்து வைப்பதும் பஞ்சோ இறகோ அல்ல, அவற்றின் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றைப் போல வெப்பத்தைக் கடத்தத் தயங்கும் பொருள் மலிவாக வேறு கிடையாது. ஆகவே பை எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு வெதுவெதுப்பு. உப்பலைக் குறைக்கும் எதுவும் வெதுவெதுப்பைக் குறைக்கும்: முதுகின் எடை, இறுக்கமான உடை, ஈரம், வருடக்கணக்கில் சின்ன உறைக்குள் திணித்து வைத்தது எல்லாமே. பை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கின்றன.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பைக்குத் தானே ஒரு டிகிரி எழுதிக்கொண்டது. 2002-இல் ஐரோப்பாவில் ஈ.என். 13537 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. 2016-இல் அதன் இடத்தை ஐ.எஸ்.ஓ. 23537 என்ற உலகத் தரம் எடுத்துக்கொண்டது. சோதனைக்கூடத்தின் குளிரறையில், வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்க வைக்கிறார்கள். அதற்கு நீளக் கை வைத்த உள்ளாடையும் முழங்கால் வரையிலான காலுறையும் போட்டு, கீழே பாயும் விரிக்கிறார்கள். பொம்மையைச் சூடாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளந்து, அதிலிருந்து வெப்பநிலைகளைக் கணக்கிடுகிறார்கள்.

கிடைப்பது ஓர் எண் அல்ல, சில எண்கள். ‘கம்ஃபர்ட்’ என்பது, சராசரிப் பெண் ஒருவர் கைகால் தளர்த்திப் படுத்துக் குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது, சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்து, எட்டு மணி நேரம் எப்படியோ தூங்கிவிடக்கூடிய வெப்பநிலை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது தூக்கத்தைப் பற்றியதே இல்லை. சராசரிப் பெண் ஆறு மணி நேரம் உயிர் பிழைத்துக் கிடக்கலாம், ஆனால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் நிலை வரலாம் என்ற எச்சரிக்கை அது. எக்ஸ்ட்ரீம் எண்ணைப் பார்த்துப் பை வாங்குவது தற்கொலைக்குச் சமம் என்றே சொல்வேன்.

கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் இடையில் பெரும்பாலான பைகளில் ஐந்தாறு டிகிரி இருக்கும். கவனிக்க வேண்டியது, பையின் பெயரிலேயே பெரிய எழுத்தில் இருக்கும் எண் எது என்பதை. ஆண்களுக்கென்றும் பொதுவாகவும் விற்கும் பைகளில் அது பெரும்பாலும் லிமிட். பெண்களுக்கென்று விற்பவற்றில் பெரும்பாலும் கம்ஃபர்ட். பெயரில் ‘0’ போட்ட ஒரு பை, அதாவது மைனஸ் 18, உண்மையில் நிம்மதியாகத் தூங்க வைப்பது மைனஸ் 12 வரைக்கும்தான் என்று உள்ளே ஓரமாகத் தைத்திருக்கும் சீட்டு சொல்லும். அந்தச் சீட்டைத் தேடிப் படியுங்கள். ஐ.எஸ்.ஓ. சோதனை விவரமே இல்லாமல் ஓர் எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்த மலிவான பையாக இருந்தால், அந்த எண்ணை நம்பி மலையேறாதீர்கள்.

ஆண், பெண் யாராக இருந்தாலும் கம்ஃபர்ட் எண்ணையே தம் எண்ணாக எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. வேட்டைக்குப் போகிறவருக்கு அதற்கு மேலும் ஓர் ஐந்தாறு டிகிரி கையிருப்பு வேண்டும். காரணம் இருக்கிறது. நடைபயணம் போகிறவர் நாள் முழுக்க நடந்து, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டு, சாப்பிட்டுப் படுப்பார். எல்க் வேட்டைக்காரரின் நாள் வேறு மாதிரி. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து, இருட்டில் செங்குத்தான சரிவேறி வியர்த்து, பிறகு அந்த வியர்வையோடு ஒரே இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பார். மாலையில், வெளிச்சம் மங்கும் கடைசி அரை மணிதான் மான்கள் வெளியே வரும் நேரம். ஆகவே முகாமுக்குத் திரும்பும்போது நன்றாக இருட்டியிருக்கும். சுட்டுவிட்டாலோ வேலை இன்னும் கூடும். முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அதைத் துண்டம் போட்டு முதுகில் சுமந்து இறக்க நள்ளிரவும் ஆகலாம். அப்படிக் களைத்துப் பசித்து ஈரத்தோடு வரும் உடல், சோதனைக்கூடக் கணக்கு எதிர்பார்க்கும் வெப்பத்தை உண்டாக்காது. அந்தப் பொம்மை மலையேறி வந்ததில்லை, பட்டினி கிடந்ததும் இல்லை. வயது கூடக் கூட உடல் குளிரைத் தாங்கும் அளவும் குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, அக்டோபர் கடைசியில் கொலராடோவுக்கு முதன்முதலாகப் போகிறவர் கம்ஃபர்ட் மைனஸ் 12 முதல் மைனஸ் 15 வரை உள்ள பையைத் தேடலாம். நவம்பர் மொன்டானாவுக்கு கம்ஃபர்ட் மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். புழுக்கமாக இருந்தால் ஜிப்பைத் திறந்து போர்வை போலப் போர்த்திக்கொள்ளலாம். பையே போதாமல் போனால் நடு இரவில் செய்வதற்கு அதிகம் இல்லை.

எவ்வளவு நல்ல பை வாங்கினாலும் அதில் பாதிதான் வேலை செய்யும். மேல் பாதி. முதுகுக்குக் கீழே இருக்கும் பாதி உங்கள் எடையில் நசுங்கி, உப்பல் இழந்து, வெறும் துணியாகிவிடும். அந்தப் பக்கத்தைக் காப்பது பாய். உறைந்த தரை உடம்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், விடியும்வரை. குளிர்கால முகாமில் நடுங்கியவர்கள் பையைக் குறை சொல்லும் இடத்தில் பலமுறை உண்மையான குற்றவாளி பாய்தான்.

பாய்களுக்கும் ஓர் எண் உண்டு, ஆர் மதிப்பு என்று. எண் பெரிதாக இருந்தால் வெப்பத்தைத் தடுக்கும் திறன் அதிகம். 2018-இல் இதற்கும் ஒரு பொதுச் சோதனைத் தரம் வெளிவந்தது. ஆகவே இன்று வெவ்வேறு நிறுவனப் பாய்களை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. மடித்து எடுத்துப் போகும் சாதாரண ஃபோம் பாய்க்கு ஆர் மதிப்பு சுமார் 2. உள்ளே வெப்பத்தடுப்பு வைத்த காற்றடைக்கும் பாய்களில் 5 முதல் 7 வரை கிடைக்கும். உறைபனிக் காலத்துக்கு 5-க்கு மேல் வேண்டும். இந்த எண்களின் நல்ல குணம், அவற்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது. ஃபோம் பாயைத் தரையில் போட்டு, அதன் மேல் 4 மதிப்புள்ள காற்றுப் பாயைப் போட்டால் 6. காற்றுப் பாயில் ஓட்டை விழுந்தாலும் ஃபோம் பாய் மிச்சம் இருக்கும். இரண்டையும் கொண்டுபோவதையே நான் சொல்வேன். பை வாங்கப் பணம் ஒதுக்கும்போதே பாய்க்கும் ஒதுக்கிவிடுங்கள். பாயில் மிச்சம் பிடித்தால் விலையுயர்ந்த பையும் வீண்.

மடக்குக் கட்டில் கொண்டுபோகிறவர்கள், தரையைத் தொடாமல் படுத்தால் பாய் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். நேர்மாறு. கட்டிலுக்கு அடியில் காற்று நாலாபுறமும் புகுந்து ஓடும். முதுகுக்குக் கீழே நசுங்கிய துணி மட்டும். கட்டிலின் மேலும் பாய் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது ஈரம். குளிரைவிட மெதுவாக வரும் எதிரி என்பதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். 1911-இல் ஸ்காட்டின் அண்டார்க்டிகா பயணக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் மூவரும், எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி, நடுக்குளிர்கால இருட்டில் கேப் குரோசியருக்குச் சென்று திரும்பினார்கள். ஐந்து வாரப் பயணம். அவர்களிடம் இருந்தவை கலைமான் தோல் பைகள். செர்ரி-கேரார்டின் பை கிளம்பும்போது 18 பவுண்டு, ஏறத்தாழ 8 கிலோ. திரும்பி வந்தபோது 45 பவுண்டு, 20 கிலோ. ஏறிய எடை முழுவதும் பனிக்கட்டி; அவருடைய சொந்த வியர்வையும் மூச்சும் பைக்குள்ளேயே உறைந்து சேர்ந்தது.

அதே வேலை சிறிய அளவில் வேட்டை முகாமிலும் நடக்கிறது. தூங்கும் உடல் ஓர் இரவில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறத்தாழ ஒரு டம்ளர் நீரை ஆவியாக விடுகிறது. வெளியே கடும்குளிர் என்றால் அந்த ஆவி பையின் துணியைத் தாண்டும் முன்பே குளிர்ந்து நீராகி, பஞ்சுக்குள்ளேயே தங்கும். ஓர் இரவில் தெரியாது. ஐந்தாறு நாள் முகாமில், வெயிலில் காயவைக்க வழியில்லாமல் போனால், கடைசி இரவில் பை முதல் இரவில் இருந்த பையாக இருக்காது. குளிருக்குப் பயந்து தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடுவதுதான் இதில் மிக மோசமான பழக்கம். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். தலைக்குக் குல்லா போட்டு, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் பையை முழுக்கத் திறந்து உதறி, பனி உருகும் நேரத்துக்கு வெயில் படும் கிளையில் போடுங்கள். விடியுமுன் கிளம்பிவிடும் வேட்டைக்காரருக்கு இது கைகூடுவது அரிது. மதியம் முகாமுக்கு வந்தால் அப்போதாவது செய்துவிட வேண்டும்.

உள்ளே எதை அடைத்த பை என்ற பெரிய கேள்விக்கு விடையும் இந்த ஈரத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் டவுன் என்று சொல்லப்படும், வாத்து மார்பின் அடியிலிருக்கும் மென்தூவி. அதற்கு இணையாக எடைக்கு எடை வெப்பம் பிடிக்கும் பொருள் இன்றும் இல்லை. சியாட்டிலில் கடை வைத்திருந்த எடி பாவர் 1930களின் நடுவில் குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போய், நனைந்த கம்பளிச் சட்டையோடு உடல் விறைத்துச் சாவின் விளிம்புக்குப் போனார். அந்த அனுபவம்தான் தூவி அடைத்துத் தைத்த மேல்சட்டையை அவர் உருவாக்கக் காரணம்; 1940-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குத் தூவிப் பைகளும் தைத்துக் கொடுத்தார்.

தூவியின் தரத்தைச் சொல்ல ‘ஃபில் பவர்’ என்ற எண் உண்டு. ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்பும் என்பதே அது. 800 என்றால் அந்த 28 கிராம் ஏறக்குறைய 13 லிட்டர் இடத்தை நிரப்பி நிற்கும். 550-உம் 900-உம் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் ஃபில் பவர் மட்டும் வெதுவெதுப்பைச் சொல்லாது. உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை. 550 தூவியை அதிகமாக அடைத்த பை, 900-ஐக் கொஞ்சமாக அடைத்த பையைவிட வெதுவெதுப்பாக இருக்கலாம், எடைதான் கூடும். எடையைப் பற்றிக் கவலைப்படாதவர் 900-க்குப் பணம் கொட்டத் தேவையில்லை.

தூவிக்குப் பெரிய குறை ஒன்று. நனைந்தால் கட்டி கட்டியாகச் சுருண்டு, உப்பல் போய்விடும், காய நாளாகும். இப்போது நீரை விலக்கும் பூச்சுக் கொடுத்த தூவி கிடைக்கிறது. லேசான ஈரப்பதத்தை அது தாங்கும். ஆற்றில் விழுந்தால் தாங்காது.

மறுபக்கம் செயற்கை இழை. 1980களில் தூவிக்கு மாற்று வேண்டுமென்று அமெரிக்க ராணுவம் தேடியதிலிருந்து பிறந்ததுதான் இன்று பலரும் அறிந்த பிரைமாலாஃப்ட். செயற்கை இழை ஈரமானாலும் பாதியளவாவது உப்பி நிற்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. எடையும் பருமனும் அதிகம். மைனஸ் 18 என்று பெயர் போட்ட தூவிப் பை சுமார் ஒன்றரைக் கிலோ இருந்தால், அதே எண்ணுள்ள செயற்கைப் பை இரண்டேகால் கிலோவைத் தாண்டும். சுருட்டிச் சுருட்டி வைப்பதில் இழைகள் வருடா வருடம் களைத்தும் போகும்.

இரண்டில் எது என்பதை முடிவு செய்வது, முகாமுக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதே. பிக்கப் வண்டியிலோ குதிரை, கோவேறு கழுதை மீதோ சாமான் போகிறதென்றால் எடை ஒரு பொருட்டே அல்ல. பெரிய, அகலமான, செயற்கை இழைப் பை வாங்குங்கள். ஈர உடை, பனி படிந்த பூட்ஸ், இரத்தக்கறை பட்ட கை என்று வேட்டை முகாமில் எதுவும் சுத்தமாக உலர்ந்து இருப்பதில்லை. முரட்டுத்தனமாகக் கையாள அதுவே ஏற்றது. அமெரிக்க ராணுவத்தின் அடுக்குப் பைகள், மெல்லிய பை, தடித்த பை, மேலே நீர் புகாத உறை என்று மூன்றும் சேர்ந்த தொகுப்பு, உபரிப் பொருள் கடைகளில் கிடைக்கும். எடை அதிகமென்றாலும் வண்டி முகாமுக்கு அது நல்ல பொருள். குளிருக்கேற்ப ஒன்றையோ இரண்டையோ சேர்த்துக்கொள்ளலாம்.

முதுகில் சுமந்து மலைக்குள் ஏழெட்டு கிலோமீட்டர் போய்த் தங்குகிறவருக்குக் கணக்கு மாறும். அவருக்குப் பூச்சுக் கொடுத்த தூவிப் பைதான் சரி. அதை நீர் புகாத உறையில் போட்டே சுமக்க வேண்டும். ஏற்கனவே மைனஸ் 7-க்கான தூவிப் பை வைத்திருப்பவர் புதிதாக வாங்காமல், அதன் மேல் அகலமான செயற்கை இழைப் பை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். செயற்கை வெளியே, தூவி உள்ளே என்ற வரிசை மாறக் கூடாது. அப்படிப் போட்டால் உடலின் ஆவி குளிர்ந்து நீராவது வெளிப்பையில் நடக்கும். தூவி உலர்ந்தே இருக்கும். வெளிப்பை உள்பையை நசுக்காத அளவு பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி முகாம்களில் தடித்த கான்வாஸ் கூடாரத்துக்குள் விறகடுப்பு வைப்பது அங்கே பழைய வழக்கம். படுக்கும்போது உள்ளே வெயில்காலம் போலிருக்கும். அதை நம்பி மெல்லிய பை கொண்டுவருகிறவர்கள் உண்டு. அடுப்பு விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு அணைந்துவிடும். கான்வாஸ் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில்லை, அரை மணியில் உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். அடுப்பு உடை காயவைக்க, உட்கார்ந்து சாப்பிட. தூக்கத்துக்குப் பையை நம்புங்கள். எரிவாயு ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டே தூங்குவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையும் இருக்காது, விழிப்பும் வராது. விறகடுப்பு உள்ள கூடாரத்திலும் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தொங்கட்டும்.

பையின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோளில் அகன்று காலில் குறுகும் மம்மி வடிவம்தான் கடும்குளிருக்கு. செவ்வகப் பையில் உடம்பு சூடாக்க வேண்டிய வெற்றிடம் அதிகம், தலைமூடியும் பெரும்பாலும் இராது. ஆனால் இறுக்கமும் கூடாது. தோளும் முழங்கையும் உள்ளிருந்து பையைத் தள்ளினால் அந்த இடத்தில் உப்பல் போய்க் குளிர் தெரியும். கடையில் உள்ளாடையும் மெல்லிய ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு உள்ளே படுத்துப் புரண்டு பாருங்கள். ஜிப் நெடுகிலும் உள்பக்கம் ஒரு பஞ்சுக் குழாய் இருக்கிறதா, கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்ட ஒரு தடித்த பட்டை இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். இந்த இரண்டும் இல்லாத பையில், ஒவ்வொரு முறை புரளும்போதும் சூடான காற்று வெளியேறிக் குளிர்காற்று உள்ளே வரும். மேல்துணியும் உள்துணியும் ஒரே தையலில் ஒட்டியிருந்தால் அந்தக் கோடு நெடுகிலும் உப்பலே கிடையாது. குளிர்காலப் பையில் அறைகளுக்கு நடுவே தனித் துணிச்சுவர் வைத்துத் தைத்திருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் இருட்டில் ஜிப்பைத் திறக்க வருகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம்.

இடம் தேர்வதில் கொஞ்சம் யோசித்தால் சில டிகிரிகள் இலவசமாகக் கிடைக்கும். பொதுவாக ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறினாலும் ஆறரை டிகிரி குறையும். ஆனால் காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். கொலராடோவின் கன்னிசன் ஊர் அப்படித்தான் அமெரிக்காவின் மிகக் குளிர்ந்த ஊர்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியிருக்கிறது. ஓடை பக்கத்திலேயே இருக்கிறதே என்று பள்ளத்தில் கூடாரம் போடாமல், முப்பது, நாற்பது மீட்டர் மேலே, மரங்களுக்கு அடியில் சமதளம் பார்த்துப் போடுங்கள். தலைக்கு மேலே கிளைகள் இருந்தால் தெளிந்த வானத்துக்குப் போய்விடும் வெப்பமும் குறையும். காய்ந்து நிற்கும் பட்டமரம் அருகில் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படுக்கும்முன் பகலெல்லாம் போட்டிருந்த உள்ளாடையையும் காலுறையையும் கழற்றிவிட்டு, படுக்கைக்கென்றே தனியாக வைத்திருக்கும் உலர்ந்த ஜோடியைப் போடுங்கள். வியர்வை காய்ந்துவிட்டது போலத் தோன்றினாலும் துணிக்குள் ஈரம் இருக்கும். கொழுப்பு நிறைந்த ஏதாவது நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பது உடலுக்கு இரவு முழுக்க எரிபொருள். ஆனால் கரடி உள்ள காடு, மொன்டானாவில் கிரிஸ்லியும் உண்டு. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கொதித்த நீரை இறுக மூடும் கெட்டியான பாட்டிலில் ஊற்றி, ஒரு காலுறைக்குள் போட்டுத் தொடை நடுவே வைத்துக்கொண்டால் பாதி இரவு சூடு தரும். விடிந்ததும் உறையாத குடிநீரும் அதுவே. சிறுநீர் முட்டினால் எழுந்துபோய் வந்துவிடுங்கள். அடக்கிக்கொண்டு கிடந்தால் தூக்கம்தான் கெடும். ஹெட்லைட், போன், தூரம் அளக்கும் கருவி இவற்றின் பேட்டரிகளும் நீர் வடிகட்டியும் பைக்குள் உங்களோடு இருக்கட்டும்.

துப்பாக்கி மட்டும் உள்ளே வேண்டாம். குளிர்ந்த இரும்பைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் அதன் மேலும் உள்ளேயும் ஈரம் படியும். காலையில் வெளியே எடுத்துப்போனதும் அந்த ஈரம் உறைந்து, விசைப்பகுதி இறுகிவிடும். குண்டுகளை எடுத்துவிட்டு, உறையிலிட்டு, குளிரிலேயே பத்திரமாக வைப்பதுதான் அந்த மலைக்காரர்களின் வழக்கம்.

வாங்கியதும் நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சீசனுக்கு முன் உறைபனி விழும் ஓர் இரவில், வீட்டுக் கொல்லையிலோ வண்டி போகும் முகாமிலோ, அதே பாய், அதே உள்ளாடையோடு படுத்துப் பாருங்கள். கால் சில்லிட்டதா, முதுகா, தோளா என்று கவனியுங்கள். முதுகு என்றால் பாயை மாற்றுங்கள், தோள் என்றால் கழுத்துப் பட்டையை இழுத்துக் கட்டிப் பாருங்கள், கால் என்றால் பையின் நீளம் அதிகமாக இருக்கலாம். மேலே போர்த்திய பக்கம் முழுக்கவே குளிர்ந்தால் பை போதவில்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் நாள் முடிவதற்குள் தெரிந்துகொள்வது நல்லது. வேட்டை முடிந்து வீடு வந்ததும் பையை இரண்டு நாள் விரித்துக் காயப்போட்டு, அதன் சின்ன உறையில் திணிக்காமல், பெரிய பருத்திச் சாக்கில் தளர்வாகப் போட்டு அலமாரிக்குள் வையுங்கள்.